மூளையில் உள்ள நீர்ப்பையைக் 'கட்டி' என்று எழுதலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் அண்மையில் வெளியான, மூளைக்கட்டிகள் பற்றிய கட்டுரையை இருமுறை படித்தேன். விடாத தலைவலியையும் திடீர் வலிப்பையும் அலட்சியப்படுத்தக் கூடாது என்று அது கூறிய அறிவுரையில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் கட்டுரையின் நடுவே "மூளைக்கட்டியின் வகைகள்" என்று கட்டமிட்டுத் தந்திருந்த பட்டியலில், உயிரைப் பறிக்கக்கூடிய புற்றுக்கட்டிகளுக்கு அடுத்த வரியிலேயே "அரக்னாய்டு கட்டி" என்றும் அச்சிட்டிருந்தீர்கள். அதற்கு வேறு விளக்கம் எதுவும் இல்லை. உண்மையில் அது மூளையின் உறையில் நீர் தேங்கிய ஒரு சிறு பை. அந்த ஒரு வரியை முன்னிட்டே இக்கடிதத்தை எழுதுகிறேன். நான் மருத்துவம் படித்தவள் அல்ல. அரசு மேல்நிலைப் பள்ளிகளில் 31 ஆண்டுகள் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவள். இருந்தாலும் இதைப் பற்றி எழுத எனக்கு இரண்டு உரிமைகள் உண்டு என்று கருதுகிறேன். சொற்களோடு பழகிய தொழில் ஒன்று. தாங்கள் 'கட்டி' என்று குறிப்பிட்ட அந்தப் பொருள் என் தலைக்குள்ளேயே இருக்கிறது என்பது மற்றொன்று.

கடந்த ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு விடியற்காலை, படுக்கையில் வலப்பக்கம் திரும்பிப் படுத்தபோது, மின்விசிறியோடு சேர்ந்து அறையே சுழன்றது. அரை நிமிடத்தில் அடங்கிவிட்டது. ஆனால் அதே பக்கம் திரும்பும்போதெல்லாம், பரணில் உள்ள பாத்திரத்தை எடுக்க அண்ணாந்து பார்க்கும்போதெல்லாம் மீண்டும் வந்தது. மூன்றாம் நாள் எங்கள் ஊரில் ஒரு மருத்துவரிடம் சென்றேன். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்தார்; இரண்டும் சரியாகவே இருந்தன. "அறுபது வயதைத் தாண்டிவிட்டீர்கள், எதற்கும் ஒரு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்துவிடுவோம்" என்றார். அந்த 'எதற்கும்' என்ற சொல்லை அன்று நான் கவனிக்கவில்லை.

மறுநாள் மாலை ஸ்கேன் சென்டரில் ரிப்போர்ட்டை வாங்கி வந்தவள் என் மருமகள். இரண்டு பக்க ஆங்கிலத்தில், இடது டெம்போரல் மடலின் (பொட்டை ஒட்டிய மூளைப் பகுதியின்) முனைக்கு முன்னால் 2.4 சென்டிமீட்டர் நீளமும் 1.8 சென்டிமீட்டர் அகலமும் உள்ள அரக்னாய்டு சிஸ்ட் இருப்பதாக எழுதி, மருத்துவ அறிகுறிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் என்று முடித்திருந்தார்கள். மூளையை அது அழுத்தவில்லை என்ற வாக்கியமும் அதே பக்கத்தில் இருந்தது என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். அன்று அதை யாரும் படிக்கவில்லை. மருமகள் கைப்பேசியில் தேடினாள். கோயம்புத்தூரில் இருக்கும் என் மகனுக்கு அவள் "சிஸ்ட்" என்று சொன்னாள். அவன் தன் மாமாவுக்கு "கட்டி" என்று சொன்னான். இரவு ஒன்பது மணிக்குக் காரைக்குடியிலிருந்து தொலைபேசியில் அழைத்த என் நாத்தனார், எந்த மருத்துவமனையில் "புத்துநோய்" பார்க்கப் போகிறோம் என்று அழுதுகொண்டே கேட்டார். மூன்று அழைப்புகளில் நீர் கட்டியாகி, கட்டி புற்றாகிவிட்டது. எதிர்வீட்டுப் பெண் மட்டும் நிதானமாக, "வேலூருக்குப் போயிடுங்க டீச்சர்" என்றாள். நரம்பியல் மருத்துவரைப் பார்க்க ஒன்பது நாட்கள் ஆயின. அந்த ஒன்பது நாட்களில் வீட்டில் யாரும் என்னை அம்மி அருகே போக விடவில்லை. நானும் யாருக்கும் தெரியாமல் வங்கிப் புத்தகங்களை ஒழுங்குபடுத்தி வைத்தேன்.

தஞ்சாவூரில் நாங்கள் பார்த்த நரம்பியல் மருத்துவர் ரிப்போர்ட்டைப் படிக்கவே இல்லை. படங்களை விளக்குப் பலகையில் மாட்டிவிட்டு, என் மகனை அருகே அழைத்து மூன்று படங்களைக் காட்டினார். முதல் படத்தில் அந்த இடம் கறுப்பாக இருந்தது. மூளையைச் சூழ்ந்துள்ள நீரும் அதே கறுப்பு. இரண்டாவதில் அந்த இடம் வெள்ளை. நீரும் அதே வெள்ளை. மூன்றாவது, ஃபிளேர் எனப்படும் வகை. அதில் சாதாரண நீரின் வெளிச்சத்தை மட்டும் அடக்கிவிடுவார்களாம். அந்தப் படத்தில் நீரும் கறுத்திருந்தது, அந்த இடமும் கறுத்திருந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இங்கே இருண்டிருந்ததுதான் நல்ல செய்தி. சதைப்பற்றோ கொழுப்போ சீழோ உள்ளே இருந்திருந்தால் மூன்று படங்களிலும் இப்படி நீரோடு நீராக ஒத்துப் போயிருக்காது என்றார். பிறகு என்னைக் கட்டிலில் உட்காரவைத்து, தலையை ஒரு பக்கம் திருப்பிப் பிடித்துச் சட்டெனப் பின்னால் சாய்த்தார். அறை சுழன்றது. என் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தவர், சுழற்சி நின்றதும் தலையை மறுபக்கம் திருப்பி, உடம்பையும் திருப்பி, எழுப்பி உட்காரவைத்தார். உட்செவியில் சமநிலையைக் காக்கும் நுண்ணிய கால்சியம் துகள்கள் இடம் பெயர்ந்து அரைவட்டக் குழாய்க்குள் போய்விட்டதால் வந்த தலைச்சுற்றல் அது. எப்ளி முறை என்று அந்தச் சிகிச்சைக்குப் பெயர். ஐந்து நிமிடங்களில் முடிந்தது. தலைச்சுற்றல் அன்றோடு போயிற்று. அதற்கும் அந்த சிஸ்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. தலைச்சுற்றலைத் தேடிப் போன இடத்தில் தற்செயலாகக் கண்ணில் பட்டது, அவ்வளவுதான்.

இனி அது என்ன என்பதைச் சொல்ல வேண்டும். மூளையை மூன்று உறைகள் போர்த்தியிருக்கின்றன என்பது நம் பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலிலேயே உள்ள செய்தி. வெளியே தடித்த டியூரா, உள்ளே மூளையோடு ஒட்டிய பையா, இடையில் அரக்னாய்டு. கிரேக்க மொழியில் சிலந்தியைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. சிலந்தி வலை போல மெல்லியது. இந்த நடு உறைக்கும் உள் உறைக்கும் இடையில்தான் மூளைத் தண்டுவட நீர் ஓடுகிறது. வளர்ந்த ஒருவரிடம் எந்த நேரத்திலும் சுமார் 150 மில்லிலிட்டர் இருக்கும். நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 மில்லிலிட்டர் புதிதாகச் சுரந்து பழையது இரத்தத்தில் கலந்துவிடும். கரு வளரும் காலத்தில் அரக்னாய்டு உறை ஓரிடத்தில் இரண்டு ஏடுகளாகப் பிரிந்துவிட்டால், அந்த ஏடுகளுக்கு நடுவே இதே நீர் தேங்கி ஒரு சிறு பை உண்டாகிறது. பிள்ளையின் மூளை அந்தப் பைக்கு இடம் கொடுத்தே வளர்கிறது. பெரும்பாலானவை இப்படிப் பிறவியிலேயே வருபவை. சில மட்டும் தலைக்காயம், மூளை உறைத் தொற்று முதலியவற்றுக்குப் பின் தோன்றுகின்றன. உள்ளே இருப்பது நீர். சுற்றி இருப்பது நம்முடைய உறையே. புற்றாக மாறக்கூடியது எதுவும் அங்கே இல்லை.

இது அரிதானதும் அல்ல. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொண்ட 48,417 பெரியவர்களின் படங்களை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்ட ஆய்வில், 661 பேருக்கு இந்தப் பை இருந்தது, அதாவது 1.4 விழுக்காடு. அவர்களுள் 35 பேருக்கு மட்டுமே அதனால் தொல்லை இருந்ததாகக் கருதப்பட்டது. தொடர்ந்து படமெடுத்துக் கவனிக்கப்பட்ட 213 பேரில் 206 பேருக்கு எந்த மாற்றமும் இல்லை, 5 பேருக்குப் பெரிதாயிற்று, 2 பேருக்குச் சிறுத்தது. மருத்துவமனைக்கு ஏதோ ஒரு காரணத்தோடு வந்தவர்களின் கணக்கு இது என்பதால் பொதுமக்களிடம் குறைவாக இருக்கலாமே என்று ஐயுறுவது நியாயம். ஆனால் நெதர்லாந்தின் ராட்டர்டாமில், பொதுமக்களுள் 2,000 பேரை ஆராய்ச்சிக்காகவே படமெடுத்து 2007-இல் வெளியிட்ட கணக்கிலும் 1.1 விழுக்காட்டினருக்கு இது இருந்தது. ஆயிரம் பேர் கூடும் ஒரு திருமண மண்டபத்தில் பத்துப் பேராவது தங்கள் தலைக்குள் இத்தகைய நீர்ப்பையோடு பந்தியில் அமர்ந்திருப்பார்கள் என்று நான் கணக்குப் போட்டுக்கொள்கிறேன். இது ஆண்களிடம்தான் மிகுதி என்றும், மண்டையின் இடப்பக்கத்தில்தான் மிகுதி என்றும் சொல்கிறார்கள். இடப்பக்கத்தை மட்டும் நான் மதித்திருக்கிறேன்.

முன்னோர்களுக்கு இது இல்லாமலா இருந்தது? லண்டன் கய்ஸ் மருத்துவமனையின் ரிச்சர்ட் பிரைட், சிறுநீரக நோய் ஒன்றுக்குத் தம் பெயரைக் கொடுத்தவர், 1831-இலேயே அரக்னாய்டு உறையோடு சேர்ந்த நீர்ப்பைகளை விவரித்து எழுதினார். ஆனால் அவர் பார்த்தது இறந்தவர்களின் தலைக்குள். உயிரோடு இருப்பவரின் மூளையைத் திறக்காமல் பார்க்கும் வழி 1971 அக்டோபர் 1 அன்று, லண்டனின் விம்பிள்டன் பகுதியில் உள்ள அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் ஒரு பெண்ணுக்கு முதல் சி.டி. ஸ்கேன் எடுக்கப்பட்டபோது பிறந்தது. எம்.ஆர்.ஐ. அதற்குப் பின் வந்து, நீருக்கும் சதைக்கும் உள்ள வேறுபாட்டை இன்னும் துல்லியமாகக் காட்டத் தொடங்கியது. என் பாட்டி தலைச்சுற்றலுக்குச் சுக்குக் கஷாயம் குடித்தாள். அவள் தலைக்குள் என்ன இருந்தது என்பது அவளோடு போயிற்று. அதனால் அவளுக்கு ஒரு நாளும் தூக்கம் கெடவில்லை. இன்று மாவட்டத் தலைநகரங்களில் மட்டுமன்றி வட்டத் தலைநகரங்களிலும் ஸ்கேன் சென்டர்கள் வந்துவிட்டன. முழு உடல் பரிசோதனை என்ற பெயரில் நோயே இல்லாதவர்களுக்கும் தலையைப் படமெடுக்கிறார்கள். கருவி பெருகப் பெருக இத்தகைய தற்செயல் செய்திகளும் பெருகும். அவற்றைச் சொல்லத் தகுந்த சொல் மட்டும் நம்மிடம் பெருகவில்லை.

இதுதான் என் முறையீட்டின் மையம். 'கட்டி' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். வெல்லக்கட்டி, மண்ணாங்கட்டி, பனிக்கட்டி, கட்டித்தயிர். இவை எல்லாவற்றிலும் அச்சொல் இறுகியதையே, திரண்டதையே குறிக்கிறது. அதே சொல்லை உடம்புக்குக் கொண்டுவந்து வேனற்கட்டி என்கிறோம், அக்குள்கட்டி என்கிறோம், கண்கட்டி என்கிறோம். அங்கேயும் திரண்டு வீங்கியது என்ற பொருள் பொருந்துகிறது. மூன்று நாளில் உடைந்து ஆறும் வேனற்கட்டிக்கும், அறுவை செய்தும் அடங்காத மூளைப் புற்றுக்கும் ஒரே சொல் போதும் என்று நாம் இருந்துவிட்டோம். ஆங்கில மருத்துவத்தில் சிஸ்ட் (பை), டியூமர் (திசு மிகுந்து வளர்வது), ஆப்செஸ் (சீழ் கோப்பது) என்று மூன்று தனித்தனிப் பெட்டிகளில் இருப்பவை தமிழுக்கு வரும்போது ஒரே பெட்டியில் கொட்டப்படுகின்றன. என் மகன் பொறியியல் படித்தவன். அவன் அறியாமையால் சிஸ்டைக் கட்டி என்று சொல்லவில்லை. தமிழில் சொல்ல அவனுக்கு வேறு சொல் கிடைக்கவில்லை.

'நீர்க்கட்டி' என்று இருக்கிறதே என்று தாங்கள் கேட்கலாம். சினைப்பையில் தோன்றுபவற்றுக்கு இதழ்கள் அச்சொல்லைத்தான் பல ஆண்டுகளாக எழுதி வருகின்றன, அது மக்களுக்கும் பழகிவிட்டது. என்றாலும் அதிலும் கட்டி ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது. பேச்சில் முதலில் உதிர்வது 'நீர்', கடைசியில் மிஞ்சுவது 'கட்டி' என்பதை என் வீட்டிலேயே பார்த்தேன். மேலும் நீரும் கட்டியும் சேர்ந்தால் தமிழ்ச் செவிக்கு உறைந்த நீர் என்றே முதலில் கேட்கும். 'நீர்க்கொப்புளம்' என்பதையும் எண்ணிப் பார்த்தேன். அது தோலின் மேல் எழுவது, எரிச்சலையும் அம்மையையும் நினைவூட்டுவது. 'நீர்க்குமிழி' அழகான சொல், ஆனால் நிலையாமைக்கு உவமையாக நம் புலவர்கள் அதைச் செலவழித்துவிட்டார்கள். ஆண்டுக்கணக்கில் அசையாமல் இருக்கும் ஒன்றுக்கு அது பொருந்தாது. எஞ்சியது 'நீர்ப்பை'. இரைப்பை, கருப்பை, பித்தப்பை என்று உடலுக்குள் ஓர் உறை எதையேனும் ஏந்தி நின்றால் அதைப் 'பை' என்று அழைப்பது நமக்கு வழிவழியாக வந்த பழக்கம். அச்சொல்லில் யாருக்கும் அச்சம் இல்லை. உறையும் நீரும் மட்டுமே ஆன ஒன்றுக்கு அதைவிடச் சரியான பெயர் வேறு என்ன இருக்க முடியும்? சிறுநீர்ப்பையோடு குழப்பம் வருமே என்று என் தோழி ஒருத்தி கேட்டாள். மூளை நீர்ப்பை என்று இடத்தைச் சேர்த்துச் சொன்னால் அக்குழப்பம் வராது.

அச்சத்தைக் குறைக்கும் ஆர்வத்தில், அஞ்ச வேண்டியவற்றையும் இந்தச் சொல்லுக்குள் நான் மறைத்துவிடக் கூடாது. மூளையின் நடுவே, நீரறைகள் ஒன்றோடொன்று கூடும் குறுகிய வாயிலில் உண்டாகும் கொலாய்டு சிஸ்ட் சிறியதாக இருந்தாலும் நீரோட்டத்தைத் திடீரென அடைத்து உயிருக்கே ஆபத்தாகலாம். அதன் உள்ளே இருப்பதும் கூழ் போன்ற பொருளே தவிர நீர் அன்று. தோலின் செதில்களை உள்ளே சேர்த்து வைத்திருக்கும் எபிடெர்மாய்டு, முதல் இரண்டு படங்களில் ஏறத்தாழ நீரைப் போலவே தோன்றி, டிஃப்யூஷன் என்னும் படத்தில் பளிச்சென்று ஒளிர்ந்து தன்னைக் காட்டிக்கொடுக்கும். சில புற்றுக்கட்டிகளே நீர் கோத்த பையும் ஓரத்தில் ஒரு முடிச்சுமாக வளர்வதுண்டு. இவற்றுக்கெல்லாம் நீர்ப்பை என்ற பெயரைத் தரக் கூடாது. அரக்னாய்டு நீர்ப்பையும் எல்லாருக்கும் சாது அல்ல. மிகப் பெரிதாகி மூளையை அழுத்தினாலோ, நீரோட்டத்தை மறித்துத் தலையில் நீர் கோக்கச் செய்தாலோ, அதை அடுத்த பகுதியிலிருந்தே வலிப்பு எழுவது உறுதியானாலோ அறுவை தேவைப்படும். பையில் துளையிட்டு இயல்பான நீர்வெளியோடு இணைத்துவிடுவது ஒரு முறை, குழாய் பொருத்தி வயிற்றுக்குள் வடியவிடுவது மற்றொன்று. அரிதாகச் சிலருக்கு, பெரும்பாலும் இளைஞர்களுக்கு, தலையில் அடிபட்டபின் பை கிழிந்தோ அதன் ஓரத்து நுண்குழாய் அறுந்தோ நீரும் இரத்தமும் கசிவதுண்டு. ஆகவே நீர்ப்பை இருப்பது தெரிந்தவர் தலையில் அடிபட்டு, அதன்பின் தலைவலி வளர்ந்துகொண்டே போனால் காத்திருக்கக் கூடாது. காலையில் வாந்தியோடு வரும் தலைவலி, பார்வை மங்குதல், ஒரு பக்கம் வலுவிழத்தல் ஆகியவையும் அப்படியே.

குழந்தைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதே மிச்சிகன் குழுவினர் 2010-இல் 11,738 சிறுவர்களின் படங்களை ஆராய்ந்தபோது 2.6 விழுக்காட்டினருக்கு நீர்ப்பை இருந்தது. பின்னாளில் அது பெரிதானவர்கள் எல்லாரும், கண்டறியப்பட்டபோது நான்கு வயதைத் தாண்டாதவர்கள். எனவே கைக்குழந்தைக்கு இது தெரியவந்தால் மருத்துவர் தலைச் சுற்றளவை அளந்தபடி, மறுபடி படமெடுக்கச் சொல்வதில் காரணம் உண்டு. ஒன்பதாம் வகுப்பு மாணவனுக்குத் தற்செயலாகத் தெரியவந்தால் அவனை விளையாட்டு மைதானத்துக்கே அனுப்பாமல் வீட்டில் அடைத்து வைக்க அதுவே காரணமாகாது. மோதி விளையாடும் ஆட்டங்களைப் பற்றி மட்டும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

நம் நாட்டில் இன்னொரு குழப்பமும் சேர்ந்துகொள்கிறது. பன்றி நாடாப்புழுவின் முட்டை உடலுக்குள் புகுந்து, அதன் இளம்புழு மூளையில் கூடு கட்டிக்கொள்ளும் நோயையும் சிஸ்ட் என்றே ரிப்போர்ட்டில் எழுதுகிறார்கள். படத்தில் அது சிறிய வட்டமாக, நடுவே புழுவின் தலை ஒரு புள்ளியாகத் தெரியும். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் அம்மாவட்ட மக்களிடையே நடத்திய ஆய்வு, அங்கே வலிப்பு நோய் உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு இப்புழுவே காரணம் என்று காட்டியது. "நாங்கள் சுத்த சைவம், எங்களுக்கு எப்படி வரும்" என்று என் உறவினர் ஒருவர் வாதிட்டார். புழுக்கூடு உள்ள பன்றி இறைச்சியைச் சரியாக வேகவைக்காமல் உண்டால் குடலில் நாடாப்புழு வளரும் என்பது உண்மைதான். ஆனால் மூளைக்கு வரும் நோய், புழு உள்ள ஒருவரின் மலத்திலிருந்து தண்ணீரிலும் பச்சைக் காய்கறியிலும் கழுவாத கையிலும் ஒட்டிக்கொண்டு வரும் முட்டைகளால் உண்டாவது. அதற்குச் சைவ அசைவ வேறுபாடு தெரியாது. முட்டைக்கோஸில் நெளியும் பச்சைப் புழு மூளைக்கு ஏறிவிடும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி வேறு, அது கட்டுக்கதை. புழுக்கூட்டுக்கு மருந்து உண்டு, எதை எப்போது கொடுப்பது என்பதை மருத்துவர் முடிவு செய்வார். பிறவி நீர்ப்பைக்கு மருந்தே கிடையாது, தேவையும் இல்லை. ஒன்றுக்கு உரிய மாத்திரையை மற்றொன்றுக்கு விழுங்காமல் இருக்கவாவது இரண்டுக்கும் இரண்டு பெயர்கள் வேண்டும்.

இக்கடிதத்தை எழுதத் தொடங்கிய வாரத்தில் என் பழைய மாணவி ஒருத்தி அழைத்தாள். ஐந்தாம் மாத ஸ்கேனில் குழந்தையின் மூளையில் "கட்டி" இருப்பதாகச் சொல்லிவிட்டார்கள் என்று பேச முடியாமல் விம்மினாள். ரிப்போர்ட்டைப் படித்துக் காட்டச் சொன்னேன். கோராய்டு பிளெக்சஸ் சிஸ்ட் என்று இருந்தது. மூளை நீரைச் சுரக்கும் மடிப்புகளுக்குள் தேங்கும் சிறு நீர்த்துளி அது. ஐந்தாம் மாத ஸ்கேன்களில் நூற்றுக்கு ஒன்று, இரண்டில் தென்படுவதும், வேறு குறைபாடு எதுவும் இல்லாதபோது பெரும்பாலும் ஏழாம் மாதத்துக்குள் தானே மறைந்துவிடுவதும் அதன் இயல்பு. மற்ற உறுப்புகள் சரியாக இருக்கின்றனவா என்பதை மட்டும் மருத்துவர் கவனமாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் வேறு குறைகளும் சேர்ந்திருந்தால் நிறப்புரிக் (குரோமோசோம்) கோளாறு ஒன்றின் அறிகுறியாக அது அமையக்கூடும். அவளுடைய மருத்துவரும் இதையே சொல்லியிருக்கிறார். ஆனால் 'கட்டி' என்ற சொல்லைக் கேட்ட பிறகு வந்த எந்தச் சொல்லும் அவள் காதில் விழவில்லை.

ஆகவே தங்களிடம் நான் வேண்டுவது இதுதான். அந்தப் பட்டியலுக்கு ஒரு திருத்தம் வெளியிடுங்கள். அரக்னாய்டு சிஸ்ட் மூளைக்கட்டியின் வகை அல்ல என்று நான்கு வரிகள் போதும். இனி எழுதும்போது டியூமருக்கு மட்டும் 'கட்டி' என்றும், மூளை நீர் மட்டுமே உள்ளதற்கு 'நீர்ப்பை' என்றும் எழுதத் தங்கள் உதவி ஆசிரியர்களுக்குச் சொல்லுங்கள். வேறு நல்ல சொல் வாசகர்களிடமிருந்து வந்தால் அதை ஏற்றுக்கொள்ள எனக்குத் தயக்கம் இல்லை. ஸ்கேன் சென்டர் நடத்துவோருக்கும் தங்கள் இதழ் வழியாக ஒரு வேண்டுகோள்: ரிப்போர்ட்டின் கடைசியில் தமிழில் இரண்டு வரிகள் சேர்த்தால் என்ன? "இது பிறவியிலேயே உள்ள நீர்ப்பை, மூளையை அழுத்தவில்லை" என்று எங்கள் ரிப்போர்ட்டில் அன்று இருந்திருந்தால் காரைக்குடியிலிருந்து அந்த அழைப்பே வந்திருக்காது. சட்டச் சிக்கல் வரும், முடிவைச் சொல்ல வேண்டியவர் மருத்துவர்தான் என்று அவர்கள் சொல்லக்கூடும். மூளையை அழுத்தவில்லை என்பது அவர்களே ஆங்கிலத்தில் கையொப்பமிட்டுக் கொடுத்ததுதான். அதைத் தமிழில் சொல்வதால் புதிய பொறுப்பு எதுவும் கூடிவிடப் போவதில்லை.

எனக்கு மறு ஸ்கேன் தேவையில்லை என்று தஞ்சாவூர் மருத்துவர் சொல்லிவிட்டார். ஆனால் படங்களைப் பத்திரமாக வைத்திருக்கச் சொன்னார். பிற்காலத்தில் வேறு காரணத்துக்காக யாரேனும் படமெடுத்தால், பழைய படத்தோடு வைத்துப் பார்த்து, இது முன்பே இருந்ததுதான் என்று நொடியில் தெரிந்துகொள்ளலாமாம். எனவே அந்தப் பெரிய உறையை பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன். உறையின் மேல் பள்ளிக்கூடக் கையெழுத்தில், வீட்டில் உள்ள எவருக்கும் புரியும்படி எழுதியும் வைத்துவிட்டேன்: "இடது பக்கம் மூளை நீர்ப்பை. பிறந்தது முதல் உள்ளது. 2.4 செ.மீ."

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர்,
கும்பகோணம்.